இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி

தணிக்கைக்காரி வரும் நாளில் மட்டும்
சேமிப்பறையின் மேல்தட்டிலிருந்து
ஏழு அட்டைப்பெட்டிகளை இறக்குவேன்.
தோல் கையுறைகள். முழங்கை வரை நீளம்.
காலை ஐந்தரைக்கு எண்ணிக் கொடுப்பேன்.
மாலையில், அவள் கார் ஏரிக்கரைப் புழுதி தாண்டி
நைரோபிச் சாலையில் ஏறியதும்
எண்ணி வாங்குவேன்.

இடையில் உள்ள நேரத்துக்குப் பெயர்
சமூகப் பொறுப்பு.
அப்படித்தான் அலுவலகச் சுவரில் இருக்கிறது,
ஒரு பச்சை இலைக்குக் கீழே.

என் பெயர் ஒடுவோர்.
கைசுத்தமானவன் என்று மேலாளர் முட்டிசோ
நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.
பதினோரு வருடத்தில் ஓர் ஆணி குறைந்ததில்லை.

பிப்ரவரிக்கு முந்தைய வாரங்களில்
ரோஜாவும் தூங்காது, நாங்களும்.
கடலுக்கு அப்பால் காதலிக்கிறார்கள்;
இங்கே மூன்றாம் கூடத்தில்
அடித்த மருந்து காயுமுன்னே
கத்தரியோடு நுழைகிறார்கள் பெண்கள்.
"நான்கு மணி நேரம் உள்ளே வராதே" என்ற பலகையைத்
திருப்பி மாட்டுவதும் என் வேலைதான்.
அதன் முதுகில் "கரிபு" என்று இருக்கும்,
நல்வரவு.

ஃபென்னா நல்லவள். எங்கள் தேநீரைக்கூடத் தொடமாட்டாள்,
தண்ணீரையும் தானே கொண்டுவருவாள்.
எழுபத்தாறு கேள்விகள்.
முப்பத்தொன்றாவது: கையுறை உண்டா?
உண்டு. கட்டத்தில் சரிக்குறி.
தோலில் ஒரு முள் கீறியிருக்கவில்லை,
புதுச்செருப்பு வாசனை அடித்தது,
இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

அன்று மாலை இருநூற்றுப் பதினொன்று.
மறுபடி எண்ணினேன்.
வரிசையின் கடைசியில் நசிமியு கைவிரித்தாள்.
விரித்த கையில் பழைய முள், புது முள்,
இரண்டுக்கும் நடுவே வெந்ததுபோல் ஒரு வெளுப்பு.
"தெரியாது" என்றாள், என் கண்ணைப் பார்த்தே.

பேரேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.
இதுதான் என் முதல் பொய் என்று
நள்ளிரவு வரை புரண்டு படுத்தேன்.
ஏரியிலிருந்து நீர்யானைகள் மேய வரும் சத்தம்.
பிறகுதான் அந்தப் பலகை நினைவுக்கு வந்தது.

அடுத்த வருடம் தணிக்கை நாள்.
வரிசையில் நசிமியு மட்டும் கை நீட்டவில்லை.
போட்டுக்கொண்டே வந்திருந்தாள்.
உள்ளங்கை கறுத்து, மணிக்கட்டில் பாசி நிறம் ஏறி,
கிழிந்த கட்டைவிரலை மீன்வலை நூலால் தைத்து,
ஒரு வருடம் உழைத்த ஜோடி.

கறைபடியாத இருநூற்றுப் பதினொன்றுக்கு நடுவே
கையும் களவுமாகப் பிடிபட்டது
அது ஒன்றுதான்.

ஃபென்னா அந்தக் கட்டைவிரலை
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.
"மற்றதெல்லாம் எப்போது வாங்கியது?"
"போன வாரம்" என்றார் முட்டிசோ.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் மேல்தட்டைப் பார்த்தேன்.
ஒரு சொல் போதும்.
என் மகளுக்கு மார்ச்சில் பள்ளிக் கட்டணம்.

அறிக்கை வந்தது:
குறைபாடு ஒன்று. தேய்ந்த கையுறை, ஒரு ஜோடி.
முப்பது நாளுக்குள் மாற்றவும்.
மற்றபடி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.
புது இலை வந்தது, சட்டம் போட்டு.

"அந்தப் பழசை எரித்துவிடு" என்றார் முட்டிசோ,
ஆணி அடித்துக்கொண்டே.
இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
நசிமியு கேட்டால் கொடுப்பேன். இதுவரை கேட்கவில்லை.
இப்போது வெறுங்கையோடுதான் பறிக்கிறாள்,
என்னைக் கடக்கும்போது குனிவதில்லை.

பேரேட்டில் ஒரு பத்தி உண்டு:
உபயோகத்தில் உள்ளவை.
இத்தனை வருடமும் அதில் கோடு போட்டே வந்திருக்கிறேன்.
நேற்று அதில் "ஒன்று" என்று எழுதினேன்.
அடைப்புக்குள் "இருந்தது" என்று சேர்த்தேன்.
காலையில் மேலாளர் கையெழுத்திடும் பக்கம் அது.
மூடாமல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.